ஹாலே நகரில் முதல் வாரம்



மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் நாம் ஜேர்மனியிலுள்ள ஹாலே நகரைச் சேர்ந்தது ஒரு சனிக்கிழமை இரவு. மறுநாள் பாண் வாங்கப் புறப்பட்டால் தெருவிலே ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. ஞாயிறன்று பெரும்பாலான கடைகளைப் பூட்டவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டமாம்! அம்மா கட்டித் தந்த பயற்றம் பணியாரமே இரு வேளையும் உணவாயிற்று.

குடிபுகுந்த இரு வாரத்துள் நகர அலுவலகத்திலே முகவரியைப் பதியவேண்டும். மிஷன் பள்ளி ஆங்கிலத்தை நம்பிப் போனோம். எழுதுவினைஞர் ஜேர்மன் மொழியிலேயே பேசினார். ஊமையராய் நின்று திரும்பினோம். மூன்று நாள் வெட்கத்தால் எவருடனும் பேசவில்லை; ஊருக்கே போய்விடலாமா என்றும் எண்ணினோம்.

நான்காம் நாள் பிராங்கே நிறுவனப் பக்கம் நடந்தோம். அங்கே தமிழ் ஏட்டுச் சுவடிகள் பாதுகாக்கப்படுகின்றன. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு ஹாலேயிற் பயின்றவர். அவர் சிறுபிள்ளைகளோடு மணலிலே ஆனா ஆவன்னா எழுதிப் பழகிய கதையைப் பள்ளியிற் கேட்டிருக்கிறோம். அவருக்கு வெட்கம் இருந்ததோ என்னவோ!

வெற்றுப் பிளாஸ்டிக் போத்தலைக் கடை இயந்திரத்திலே போட்டால் 25 யூரோச் சதம் திரும்பக் கிடைக்கும். அன்று மாலை அங்கே நின்ற சிறுவனிடம் போத்தலைக் காட்டி அதன் பெயரைக் கேட்டோம். சிரித்துக்கொண்டே மூன்று முறை சொன்னான். நான்காம் முறை நாம் சொன்னோம்.