அடைக்கலாகாத துளை

சென்ற மாதம் நெருள் அருகே, சயன்–பன்வேல் நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறையில் நாமக்கல் லாரி ஒன்று நின்றிருந்தது. எஞ்சினில் நாள்தோறும் இரண்டு லிட்டர் நீர் குறைகிறது. தரையிலோ ஒரு சொட்டும் இல்லை. "ஹெட்டைக் கழற்ற வேண்டும்" என்று வழியில் ஒருவர் சொல்லிவிட்டாராம். அது பெருஞ்செலவு. சரக்கோடு போர் காட் மலை ஏற வேண்டிய ஓட்டுநர் கலங்கியிருந்தார். அவருக்கு இந்தி வாராது; மெக்கானிக்குக்குத் தமிழ் வாராது. இடையே மொழிபெயர்க்கும் பொறுப்பு நம்மைச் சேர்ந்தது.

முதலில் எஞ்சின் ஆறட்டும் என்றார் மெக்கானிக். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும். வெண்புகை வருகிறதா என்று வினவினார், இல்லை. ஆயிலும் பால்போல் வெளுக்கவில்லை. பின்னர் நீரை நிரப்பி, மூடியின் இடத்தில் கைப்பம்பைப் பொருத்தி, சதுர அங்குலத்திற்குச் சுமார் 15 பவுண்டு அழுத்தம் ஏற்றினார். முள் மெல்ல இறங்கிற்று. ரப்பர்க் குழாய்கள் உலர்ந்தே இருந்தன. வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளையில் ஒரு சொட்டுத் திரண்டது. அருகே காய்ந்த வெள்ளைத் தடம். வண்டி ஓடுகையில் எஞ்சின் சூட்டிலும் விசிறிக் காற்றிலும் கசிவு உலர்ந்துவிடுகிறது. தரை நனைவது எங்ஙனம்?

"துளையை அடைத்துவிட்டால்?" என்றார் ஓட்டுநர். நமக்கும் அதுவே சரியென்று பட்டது! மெக்கானிக் சிரித்தார். பம்பினுள் சீல் தேய்ந்தால், நீர் பேரிங்கில் புகாமல் வெளியேறுவதற்கென்றே வைத்த துளையாம் அது. அடைத்தால் பேரிங் கெட்டுப் பம்பு நின்றுவிடும். மலைப்பாதை நடுவே எஞ்சின் கொதிக்கும்.

பம்பை மாற்றினர். வெறும் நீரை விடுத்துக் கூலண்ட் கலந்து ஊற்றினர். மும்பையில் நீர் உறையும் அச்சமில்லையெனினும் துருவைத் தடுக்க அது வேண்டும். மீண்டும் அழுத்தம் ஏற்றிக் கால்மணி நேரம் காத்திருந்தோம். முள் அசையவில்லை. அன்றிரவே லாரி பன்வேல் நோக்கிப் புறப்பட்டது.