மூன்றாண்டுக் கணக்கு



நல்ல ஆட்களைச் சேர்ப்பது, சேர்த்தவர்களைத் தக்கவைப்பது என்று தலைப்புக் கொடுத்தால் தலைமை உரையாற்றுபவர் அமெரிக்காவிலிருந்து தொடங்குவது சம்பிரதாயம். நானும் அங்கே ஒரு நிமிடம் நின்றுவிட்டு வருகிறேன். 1913-இல் ஹென்றி ஃபோர்டின் ஹைலண்ட் பார்க் ஆலையில் சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க, அந்த ஓராண்டில் 50,000-க்கும் மேற்பட்டோரைச் சேர்க்க வேண்டியிருந்தது. வந்தவர்கள் நிற்கவில்லை. 1914 ஜனவரியில் நாளுக்கு ஐந்து டாலர் என்று அறிவித்தார், ஓட்டம் குறைந்தது. கூடவே, தொழிலாளி வீட்டில் எப்படி வாழ்கிறார் என்று விசாரிக்கவும் ஒரு துறை வைத்தார்.

அதே காலத்தில் வட்டிக்கடை நடத்திய செட்டிநாட்டு நகரத்தார் முதலாளிகள் ரங்கூனிலும் பினாங்கிலும் சைகோனிலும் பெரும் பணத்தைச் சம்பள ஆட்களின் கையில் விட்டுவிட்டு ஊரில் இருந்தார்கள். கேள்வி கேட்கக் கடிதம், அவசரத்துக்குத் தந்தி, அவ்வளவுதான். இது எப்படி நடந்தது?

சிறுவனாகக் கப்பல் ஏறுபவர் பெட்டியடிப் பையன். விடியுமுன் எழுந்து கடையைப் பெருக்கி, சாமிக்கு விளக்கேற்றி, பெரியவர்களுக்கு எடுபிடி வேலை செய்ய வேண்டும். பகலில் கைப்பெட்டியின் அருகே தரையில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் பேச்சைக் காதில் வாங்கியபடி கணக்கெழுதிப் பழக வேண்டும். யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாரிடம் சிரித்துப் பேசி அனுப்பிவிடலாம் என்பதை அவருக்கு யாரும் பாடமாக நடத்தியதில்லை. பிறகு அடுத்தாள், அதன்பின் முதலாளியின் அதிகாரப் பத்திரத்தோடு கடையையே நடத்தும் மேலாள். மேடானில் இப்படியொரு கடையில் வேலை பார்த்த ப. சிங்காரம் ‘புயலிலே ஒரு தோணி’யில் இந்த வரிசையைக் காட்டியிருக்கிறார். மேலாண்மை மாணவர்கள் அதைப் படிக்க வேண்டும். பாடத்திட்டக் குழு என்மீது கோபித்தாலும் சரி.

நான் முக்கியமாகக் கருதுவது சம்பளச் சீட்டை, அதாவது வேலை ஒப்பந்தத்தை. தவணை பெரும்பாலும் மூன்றாண்டு. புறப்படும்போதே முன்பணம், கடையிலேயே சாப்பாடு, தங்கல், தவணை முடிவில் லாபத்தில் ஒரு பங்கு. கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். அதாவது, ஆள் போகப்போகிறார் என்பதைச் சேர்க்கும் நாளிலேயே எழுதிவைத்தார்கள். போகும் நாள் தெரிந்ததால் அதுவரை நின்றார்கள். அடுத்தவருக்குக் கணக்கு கொடுத்தாக வேண்டும் என்பதால் கடையின் விவரம் ஒருவர் தலைக்குள் மட்டும் தங்கவில்லை. ஊரில் சிலகாலம் இருந்துவிட்டுப் பலர் அதே முதலாளியிடமோ வேறொருவரிடமோ மீண்டும் புறப்பட்டார்கள். சிலர் சேர்த்த பணத்தில் சொந்தக் கடை போட்டார்கள். பழைய முதலாளியோடு கொடுக்கல் வாங்கல் தொடர்ந்ததும் உண்டு.

இன்று அசல் சான்றிதழை வாங்கிப் பூட்டிவைத்து, ‘பாண்ட்’ எழுதி வாங்கி, ராஜினாமா கடிதம் கொடுத்தவரிடம் முகம் கொடுத்துப் பேசாத நிறுவனங்களைப் பார்க்கிறோம். பூட்டிவைப்பது சான்றிதழை மட்டுமே; ஆள் மனத்தளவில் எப்போதோ கிளம்பியிருப்பார்.

அதற்காகச் செட்டிநாட்டு ஏற்பாட்டைப் பொற்காலமாக்கிப் பேச நான் வரவில்லை. அந்த நம்பிக்கையின் அடியில் சாதியும் உறவும் இருந்தன. கணக்கில் கைவைத்தவருக்கு ஊரில் பெண் கொடுக்க யோசிப்பார்கள், அடுத்த சீட்டும் கிடைக்காது. ஃபோர்டு சம்பளம் கொடுத்து ஆள் வைத்துச் செய்த வேவு வேலையை இங்கே சொந்தபந்தமே செலவில்லாமல் பார்த்துக்கொண்டது. படிக்க வேண்டிய வயதில் பையன்கள் கடல் கடந்தார்கள். மனைவிமார் ஆண்டுக்கணக்கில் தனித்திருந்து குடும்பத்தைத் தாங்கினார்கள். அந்த உழைப்பு எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. இவற்றைக் கழித்துவிட்டு, படிப்படியான பயிற்சி, லாபப் பங்கு, முன்கூட்டியே பேசிய தவணை ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்த ஏற்பாடு நிற்குமா? நிற்கும் என்பது என் கட்சி. பயிற்சியும் பங்கும் இல்லாமல் உறவை மட்டும் நம்பிய குடும்ப நிறுவனங்கள் படும் பாடும் நம் கண்முன் இருக்கிறது. ஆனாலும் இதற்கு எதிர்க்கட்சி வலுவானது. மதிய அமர்வில் அதைக் கேட்கக் காத்திருக்கிறேன்.

கட்டுரை வாசிக்கும் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். வேலையில் இருப்பவர்களிடம் வினாத்தாள் கொடுத்து, திருப்தியா என்று கேட்டால் திருப்தி என்றுதான் எழுதுவார்கள். மேலாளர் பக்கத்து அறையில் இருக்கிறார். விட்டுப் போனவர்களைத் தேடிப் போய்க் கேளுங்கள். அந்த நிறுவனத்துக்குத் தங்கள் தம்பியையோ மகளையோ வேலைக்கு அனுப்புவார்களா என்றும் கேளுங்கள். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.