விலையில்லா அறிவும் சிறுவணிகமும்

(அறக்கட்டளை விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



புதிதாகக் கடை திறக்கும் இளைஞர்கள் இன்று எழுப்பும் முதல் வினா, விளம்பரத்துக்குப் பொருள் இல்லாதவர் வாடிக்கையாளரை ஈர்ப்பது எவ்வாறு என்பதே. தாம் அறிந்த பயனுள்ள செய்தியை விலையின்றி வழங்குக, மக்கள் தாமே தேடி வருவர் என்று வணிகவியலார் விடை கூறுகின்றனர். இது மேலைநாட்டிலிருந்து அண்மையில் வந்த புதுமை என்று எண்ணுவோர் உளர். ஆயினும் கோவில்பட்டியையும் சிவகாசியையும் உள்ளடக்கிய கரிசல் நிலத்தில் இவ்வழக்கம் பல தலைமுறைகளாக வேரூன்றி நிற்கின்றது.

கரிசல் நிலம் வானம் பார்த்த பூமி. கோடையில் அதன் மண் பாளம் பாளமாகப் பிளக்கும். வடகிழக்குப் பருவமழையை நம்பியே அங்கே பருத்தியும் சோளமும் கம்பும் உளுந்தும் விளைகின்றன. மழை பொய்த்த ஆண்டில் கைக்கு வேறு தொழில் வேண்டும். 1922-ஆம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டனர். தீப்பெட்டித் தொழில் சிவகாசியிலும் கோவில்பட்டியிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் பரவியது. தீப்பெட்டியின்மேல் ஒட்டும் வண்ணச்சீட்டை அச்சிடும் தேவை அச்சுத்தொழிலை வளர்த்தது. அவ்வச்சுத்தொழிலின் விளைவுகளுள் ஒன்றே இன்று தமிழர் இல்லந்தோறும் தொங்கும் தினசரி நாட்காட்டி.

அந்த நாட்காட்டியைச் சற்று உற்று நோக்குதல் தகும். நாளொன்றுக்கு ஒரு தாள். அதில் ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், இராகு காலம், விழா நாள், விடுமுறை நாள் ஆகிய அனைத்தும் அடங்கும். தாள்களுக்கு மேலேயுள்ள அட்டையில் மளிகைக் கடையின் பெயரோ நகைக் கடையின் பெயரோ உரக்கடையின் பெயரோ இருக்கும். ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கு நாளில் சிவகாசியில் புத்தாண்டுக்கான மாதிரித் தொகுப்புகள் வெளியிடப்பெறுகின்றன. வணிகர்கள் அவற்றைப் பார்த்துத் தமக்கு வேண்டியதை எழுதிக் கொடுக்கின்றனர். "எங்கள் கடைக்கு வாருங்கள்" என்று அந்த நாட்காட்டி வற்புறுத்துவதில்லை. எனினும் ஆண்டின் 365 காலைகளிலும் தாள் கிழிப்பவர் கண்ணில் அக்கடையின் பெயர் படுகின்றது. பொருள் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பயன்படுவது, நாள்தோறும் பயன்படுவது என்னும் இரண்டு இயல்புகளே அதன் வலிமை.

அதற்கு ஒரு குறையும் உண்டு. எல்லாக் கடைகளும் ஒரே வகை நாட்காட்டியைக் கொடுக்கின்றன. ஒரு வீட்டுக்கு மூன்று வந்தால் ஒன்றே கூடத்தில் தொங்கும். காரணம், அத்தாளில் உள்ள அறிவு பஞ்சாங்கக் கணிதரின் அறிவு. கடைக்காரரின் தொழிலறிவு அன்று. தம் தொழிலில் தாம் பெற்ற அறிவைக் கொடுப்பது இதனினும் உயர்ந்த நிலை. அமெரிக்காவில் உழவுக்கருவி செய்த ஜான் டீர் நிறுவனத்தார் 1895-இல் உழவருக்கென்றே ஓர் இதழைத் தொடங்கினர். பிரான்சு நாட்டில் சக்கர டயர் செய்த மிஷலின் சகோதரர்கள் 1900-இல் வண்டியோட்டிகளுக்கு வழிகாட்டி நூல் ஒன்றை அச்சிட்டு இலவசமாக வழங்கினர். டயரை மாற்றும் முறை, எரிபொருள் கிடைக்கும் இடம், தங்கும் விடுதி ஆகியவை அதில் இருந்தன. மக்கள் மிகுதியாகப் பயணம் செய்தால் டயர் தேயும். தேய்ந்தால் புதியது வாங்குவர் என்பது அவர்தம் கணக்கு.

கோவில்பட்டியில் இதற்கு என்ன வாய்ப்பு? அங்கே 1901-ஆம் ஆண்டு முதல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகின்றது. மானாவாரிப் பயிருக்கு உரிய அறிவு அங்கே நூற்றாண்டுக்கு மேலாகத் திரண்டுள்ளது. பருவமழைக்கு முன்னரே உலர்ந்த மண்ணில் விதையைச் சற்று ஆழமாக ஊன்றினால், போதிய மழை பெய்த பின்னரே அது முளைக்கும் என்பது போன்ற செய்திகள் அரசினரால் விலையின்றிக் கிடைப்பவை. ஆனால் உழவர் அடிக்கடி ஏறும் படி ஆராய்ச்சி நிலையத்தின் படியன்று, உரக்கடையின் படியே. அக்கடைக்காரர் அச்செய்திகளை எளிய தமிழில் ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் எத்துணைப் பயன் விளையும்!

ஓர் எடுத்துக்காட்டு. 2018-இல் இந்தியாவுக்குள் புகுந்த படைப்புழு மக்காச்சோள உழவரைக் கலங்கச் செய்தது. அதன் தலையில் கவிழ்ந்த 'ஒய்' எழுத்தைப் போன்ற வெளிர்கோடும், வால்பகுதியில் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் இருக்கும். இவ்வடையாளங்களைப் படத்துடன் காட்டி, கடைசி உழவில் வேப்பம் புண்ணாக்கு இடுதல், ஊரார் ஒரே காலத்தில் விதைத்தல், ஊடுபயிராகவோ வரப்பிலோ பயறு வகை விதைத்தல் ஆகிய முன்காப்புகளையும் கூறும் தாளை எந்த உழவரும் மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். நோய் வருமுன் காத்தால் உயிர்க்கேடும் குறையும் என்பதை இவ்வவையோருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

இங்கேதான் உண்மையான சோதனை எழுகின்றது. வாடிய இலையுடன் உழவர் ஒருவர் கடைக்கு வருகின்றார் என்று கொள்க. அது பூச்சியால் வந்ததன்று, மழையின்மையால் வந்த வாட்டம் என்பது கடைக்காரருக்குத் தெரிகின்றது. மருந்துப் புட்டியோ பின்னால் அடுக்கில் இருக்கின்றது. "மருந்து வேண்டா, பொறுத்திருங்கள்" என்று சொன்னால் அன்றைய விற்பனை போகும். சொல்லாவிட்டால், கடன் வாங்கி விதைத்தவரின் கைப்பொருள் வீணாகும். மானாவாரி நிலத்தில் ஒரு பருவத்தின் வீண் செலவு அடுத்த பருவத்தின் விதைக்காசைத் தின்றுவிடும். கொடுக்கும் அறிவுரை ஒவ்வொன்றும் "இப்புட்டியை வாங்குக" என்றே முடியுமாயின் அது தூண்டிலில் கோத்த இரை. தமக்கு இழப்பு நேரும் இடத்திலும் உண்மையைச் சொல்வதே அறிவுரை. உழவர் இவ்வேறுபாட்டை அறியாதவர் அல்லர். "வேண்டா" என்று ஒருமுறை சொன்ன கடைக்காரர் "வேண்டும்" என்று சொல்லும்போது அவர் எதிர்வினா எழுப்புவதில்லை.

ஆகார தானம், ஔடத தானம், சாத்திர தானம், அபய தானம் என்னும் நால்வகைத் தானங்களுள் அறிவைக் கொடுப்பதும் ஒன்று. கோவில்பட்டிக்கு அண்மையிலுள்ள கழுகுமலையில், பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் திருவுருவங்களின் கீழே வட்டெழுத்தில் ஆசிரியர் பெயரும் மாணாக்கர் பெயரும் இன்றும் நிற்கின்றன. தானம் கைம்மாறு கருதாதது. வாடிக்கையாளரைக் கருதிக் கொடுக்கும் தாளைத் தானம் என்று பெயரிட்டு அழைத்தல் பொருந்தாது. அது வணிகம், நேரிய வணிகத்துக்கு நாணவேண்டியதில்லை. ஆனால் வணிகத்துக்கும் நோன்பு உண்டு. குறைந்த அளவாலும் கூடிய அளவாலும் ஏமாற்றுதல் கள்ளாமை நோன்பின் குற்றங்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டுள்ளது. பாதியை மறைத்துச் சொல்லும் அறிவுரையும் ஒரு கள்ள அளவே.

ஏனைய தொழில்களுக்கும் இம்முறை ஏற்கும். நகைக் கடைக்காரர் 916 என்னும் முத்திரை ஆயிரத்தில் 916 பங்கு தங்கத்தை, அஃதாவது 22 காரட்டைக் குறிக்கும் என்பதையும், நகையில் பொறித்த ஆறு எழுத்தெண் கொண்ட அடையாளக் குறியைச் சரிபார்க்கும் முறையையும் கற்பிக்கலாம். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனைச் செய்வோர், கடலை ஏன் காறிப்போகின்றது, காற்றுப்புகாத கலத்தில் ஏன் வைக்கவேண்டும் என்பவற்றைப் பொதியின்மேல் எழுதலாம். கணக்கர் வரி செலுத்தும் நாள்களைத் தாளாக்கித் தரலாம்.

எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்தால் பிழைப்பது எவ்வாறு என்னும் ஐயம் நியாயமானதே. மிஷலின் நிறுவனத்தாரும் 1920-இல் தம் நூலுக்கு விலை வைத்தனர்; விலையில்லாததை மக்கள் மதிப்பதில்லை என்று அவர்கள் கண்டனர். ஒருவர் தாமே சரியாக முடிவு செய்ய உதவும் செய்தியை விலையின்றிக் கொடுக்கலாம். அவருக்காகச் செய்யும் உழைப்புக்கு விலை பெறலாம். வரி நாள்களின் தாள் இலவசம். கணக்கு எழுதும் உழைப்புக்குக் கூலி உண்டு. இவ்வெல்லையை முன்னரே வகுத்துக்கொண்டவர் பின்னர் மனம் வருந்துவதில்லை.

தொழில் தொடங்கும் இளைஞர் பெருஞ்செலவு செய்ய வேண்டியதில்லை. கடைக்கு வருவோர் மீண்டும் மீண்டும் கேட்கும் பத்து வினாக்களை ஒரு மாத காலம் குறித்து வைத்தல் முதற்பணி. அவற்றுக்கு உரிய விடைகளை அறிந்தோரிடம் சரிபார்த்து, ஒரு தாளில் தெளிவாக அச்சிடுதல் அடுத்த பணி. எந்தப் பொருள் எவருக்கு வேண்டா என்னும் ஒரு வரியும் அதில் இடம்பெறுதல் வேண்டும். அவ்வரி அச்சேறும் தாளை மக்கள் நம்புவர். அந்நம்பிக்கை வளர்ந்தால் வணிகமும் வளரும். அறத்தொடு பொருள் ஈட்டும் இளைஞர்கள் இம்மன்றத்திலிருந்து பலராய் எழுக.