பிள்ளை எந்த ஊரு? தாசில்தார் எழுதித் தரணும்

(திண்டிவனம் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)

நமக்குப் புதுச்சேரி ஒரு பஸ் தூரம்தான். வானூர், கோட்டக்குப்பம், திண்டிவனம் என்று எந்தப் பக்கம் பார்த்தாலும் அங்கே அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிற பிள்ளை உண்டு. நம் உறுப்பினர் ஒருவரின் மகளும் எட்டாவது முதல் பன்னிரண்டாவது வரை அப்படித்தான் படித்தாள்.

பொறியியல் கலந்தாய்வுக்கு மனுப் போடும்போதுதான் சிக்கல். அந்த ஐந்து வகுப்பையும் தமிழ்நாட்டிலேயே படித்திருந்தால் பிறப்பிடச் சான்று வேண்டாம். வெளியே படித்தால் கட்டாயம் வேண்டும். ரேஷன் கார்டு இங்கே, ஓட்டு இங்கே, பிள்ளை பிறந்ததும் இங்கே. இருந்தும் காகிதம் கேட்டார்கள்! சரி, புதுச்சேரியில் இடம் கேட்போம் என்றால் அங்கேயும் ஐந்து வருஷம் தொடர்ந்து குடியிருந்த சான்று கேட்கிறார்கள். அத்தை வீட்டு விலாசம் எடுபடவில்லை.

கலந்தாய்வில் இடம் கிடைத்தால்தான் முதல் பட்டதாரி கட்டணச் சலுகை. நிர்வாக இடத்துக்கு அது கிடையாது. அதற்குப் பணம் கட்ட நம் குழுக் கடன் எந்த மூலைக்கு?

இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி மனுப் போட்டோம். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று படி. அந்தம்மா கூலியை விட்டு அலைந்தார், நாங்கள் மாறி மாறி கூடப் போனோம். கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்புதான் கையில் கிடைத்தது.

வெளியே படிக்கும் பிள்ளை யார் வீட்டில் இருந்தாலும் அடுத்த கூட்டத்துக்கு ரேஷன் கார்டு, பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று ஜெராக்ஸ் எடுத்து வாங்க. பரீட்சைக்கு முன்னாடியே சேர்ந்து மனுப் போட்டுடலாம்.