இலையும் நூலும் சேர்ந்த ஓவிய ஏடு

(தோட்டப்புற மாதர்க்கும் இளைஞர்க்கும் ஆற்றிய உரை)



கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று நாம் நடந்து செல்லும் வீதிகள் பல, ஒரு காலத்தில் பால்மரக் காடுகளாய் இருந்தவை. பங்சார் என்னும் பெயரே புங்கே, கிரிசார் என்னும் இருவரின் பெயர் தாங்கிய ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்தது. சுபாங் ஜெயா நகரம் 1970ஆம் ஆண்டுகளில் சீபீல்டு தோட்டத்து நிலத்தில் எழுந்தது. கிள்ளானில் புக்கிட் ராஜா தோட்டத்தின் பெயர் இன்று ஒரு குடியிருப்பு நகரின் பெயராகிவிட்டது.

பெயர்கள் நிலைத்துவிட்டன. ஆனால், அங்கே வாழ்ந்த மக்களின் வாழ்வு எங்கே பதிந்திருக்கிறது? எத்தனை பேர் வேலைக்கு வந்தனர், எவ்வளவு பால் கிடைத்தது என்பவை நிருவாகக் கணக்கேடுகளில் இருக்கலாம். லயத்து வாசலில் நின்ற மருதாணிச் செடி அவற்றில் இராது. பாட்டி தைத்த ஒட்டுத்துணிப் போர்வையும் இராது. அவற்றைப் பதிய வைக்க வேண்டியவர்கள் நாமே. அதற்கு ஓர் எளிய வழியை இன்று எடுத்துரைக்க விழைகிறோம். சித்திரம், தையல், இலை, விதை, மண் ஆகிய யாவும் ஒன்றுசேர்ந்த ஓவிய ஏடு ஒன்றை ஒவ்வொரு குடும்பமும் செய்ய வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

இஃது ஏதோ மேலைநாட்டுப் புதுமை என்று எண்ணிவிடலாகாது. நம் முன்னோர் பனையோலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியால் கீறி, கரி பூசி எழுத்தை விளங்கச் செய்து, துளையிட்டுக் கயிற்றில் கோத்தனர். மரம் தந்த ஏடு, கை தந்த கீறல், நூல் தந்த கட்டு ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஓலைச்சுவடி. வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையலால் இணைத்துக் காந்தா என்னும் விரிப்பைச் செய்தனர். சேலைக் கரையிலிருந்து உருவிய நூலே அவர்களுக்குத் தையல் நூலாயிற்று. நம் அண்டையில், கேரித் தீவில் வாழும் மாமெரி இனப் பெண்கள் தாழையோலையில் பாயும் கூடையும் பின்னுகின்றனர். கைக்கு எட்டியதைக் கொண்டு வாழ்வைப் பதித்து வைப்பது எல்லா மக்களுக்கும் உரிய கலை.

இனி, செய்முறைக்கு வருவோம்.

முதலில் ஏட்டைக் கட்டிக் கொள்ள வேண்டும். தடித்த வரைதாள்கள் ஆறு அல்லது எட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவே மடிக்கவும். மடிப்பின் மேல் மூன்று துளைகள் இடவும். ஊசியை உட்புறமிருந்து நடுத்துளை வழியே வெளியே எடுத்து, மேல் துளை வழியே உள்ளே கொண்டு வரவும். உட்புறமாகவே கீழ்த் துளைவரை இழுத்து வெளியே எடுத்து, மீண்டும் நடுத்துளை வழியே உள்ளே செலுத்தவும். நூலின் இரு முனைகளும் உள்ளே ஓடும் நீண்ட நூலின் இருபுறமும் அமையும். அவற்றை இறுக முடிந்தால் ஏடு ஆயத்தம். அட்டைக்குப் பழஞ்சேலைத் துண்டு ஒன்றை ஒட்டலாம்.

அடுத்து இலைகள். பால்மரத்து இலை ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகளாய் அமைந்தது. ஆண்டின் தொடக்க மாதங்களில் மரம் இலையுதிர்க்கும்போது சிவந்தும் மஞ்சளாகவும் விழும் இலைகளைப் பொறுக்கிக் கொள்ளலாம். பழைய செய்தித்தாள்களின் இடையே வைத்து மேலே பளுவான பொருளை ஏற்ற வேண்டும். நம் நாட்டின் ஈரக்காற்றில் பூஞ்சணம் எளிதில் பற்றும். ஆகவே முதல் சில நாள்கள் தாளை நாள்தோறும் மாற்றுவது இன்றியமையாதது. ஓரிரு வாரங்களில் இலை நன்கு காயும். இலையைச் சில வாரங்கள் நீரில் ஊறவிட்டு, அழுகிய சதையைப் பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்து நீக்கினால், நரம்புகள் மட்டும் வலைபோல் எஞ்சும். ஏட்டின் ஒரு பக்கத்தை அதற்கென ஒதுக்கலாம்.

வண்ணங்களுக்குக் கடையை நாட வேண்டியதில்லை. மஞ்சள் நீர் பொன்னிறம் தரும். அதில் வெற்றிலைச் சுண்ணாம்பைச் சிறிது சேர்த்தால் சிவக்கும். நீலச் சங்குப்பூவைச் சுடுநீரில் ஊறவைத்தால் நீலம் கிடைக்கும். அதில் எலுமிச்சைச் சாறு சில துளி விட்டால் ஊதாவாக மாறும். தேயிலைச் சாயம் தாளுக்குப் பழுப்பேற்றும். பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரே பழைய செங்கற் சூளைகளால் வந்தது. அத்தகைய செம்மண்ணை இடித்துத் துணியில் சலித்துப் பசையுடன் குழைத்தால் நல்ல வண்ணமாகும். மஞ்சளும் சங்குப்பூவும் வெயிலில் மங்கக்கூடியவை. எனவே ஏட்டை மூடி நிழலில் வைத்துக் காக்க வேண்டும். மண்ணின் நிறமோ நெடுநாள் நிற்கும்.

சித்திரம் வரைய வராதே என்று எவரும் தயங்க வேண்டா. அடுப்புக் கரியால் பால் மங்கையும் பால்வெட்டுக் கத்தியையும் இரண்டு மூன்று கோடுகளில் வரைந்தாலே போதும். புள்ளி வைத்துக் கோலமிடத் தெரிந்த கை, சித்திரத்திற்குப் பழகிய கையே.

வரைந்த கோட்டின் மேல் தைப்பது அடுத்த படி. தாள் கிழியாதிருக்க, துளைகளை முன்னரே ஊசியால் குத்திக்கொள்ள வேண்டும். துளைகள் மிக நெருங்கினால் தாள் கிழிந்துவிடும். தாளின் பின்புறம் மெல்லிய துணியை ஒட்டினால் வலுக்கூடும். செம்பனை ஓலைக்குக் காம்புத் தையலும், மரத்துப்பட்டையில் பால் வழியும் சரிந்த கோட்டிற்குச் சங்கிலித் தையலும், லயத்துக் கூரைக்கு ஓட்டுத் தையலும் பொருந்தும். ரப்பர்க் கொட்டை போன்ற தடித்த பொருளை ஒட்டினால் ஏடு மூடாது. அதைத் துணிப்பையில் இட்டு அட்டையின் உட்புறம் தைத்து வைக்கலாம்.

ஒவ்வொரு பக்கத்தின் கீழும் எடுத்த இடம், நாள், பொருளின் பெயர், அதைப்பற்றிச் சொன்னவரின் சொல் ஆகியவற்றை எழுதி வையுங்கள். இந்த நான்கும் இல்லாவிடில் அது வெறும் அழகுப் பொருளாகும். இருந்தால் ஆவணமாகும். 1877ஆம் ஆண்டில் கியூ தோட்டத்திலிருந்து இருபத்திரண்டு ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1917ஆம் ஆண்டில் கோல சிலாங்கூர் வட்டாரத்தில், பெயரிலேயே தமிழ் ஒலிக்கும் தென்னமரம் தோட்டத்தில், இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிர் தொடங்கியது. கன்றுகளின் எண்ணிக்கை வரலாற்றில் இருக்கிறது. அம்மரங்களை வளர்த்த நம் பாட்டன் பாட்டியரில் எத்தனை பேரின் பெயர் இருக்கிறது? எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே, இவ்வேட்டைப் பிள்ளைகள் தனியே செய்யலாகாது. பாட்டி ஊசி பிடிக்க, பேரப்பிள்ளை எழுத வேண்டும். பாட்டி ஒரு தையலைப் போட்டுக் காட்டும்போதே, பிரட்டுக் களத்தில் விடியற்காலையில் பெயர் கூப்பிட்ட கதையும் வெளிவரும். எந்தச் செடி எந்த நோய்க்கு உதவியது என்பதும் வெளிவரும். பள்ளிப் பிள்ளை கேள்வி கேட்கப் பழகும். முதியவர் தம் அறிவு மதிக்கப்படுவதை உணர்வார். கோலாலம்பூரில் 2010ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தேசியத் துணிநூல் அரும்பொருளகத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றால், பல இனத்தாரின் தையலும் நெசவும் எத்துணைப் பேணப்படுகின்றன என்பதைக் கண்ணாரக் காண்பர். நம் வீட்டுத் தையலும் பேணத்தக்கதே என்னும் எண்ணம் தானே பிறக்கும்.

தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டிற்குக் குடிபெயரும் குடும்பங்கள் மரத்தையும் மண்ணையும் உடன் கொண்டு போக முடியாது. ஓர் ஏட்டைக் கொண்டு போகலாம். முதியோர் நம்மோடிருக்கும் இந்நாளிலேயே அதைத் தொடங்குவோம். இவ்வாரம் ஓர் இலையைத் தாளிடையே வைப்போம். அடுத்த வாரம் அதன் அருகே ஒரு தையலிடுவோம்.