எண்ணிக்கைக்கு அகப்படாத சொல்



இக்கருத்தரங்கிற்கு வந்த கட்டுரைச் சுருக்கங்களைப் படித்தேன். பாதிக்கு மேல் ஒரே பட்டியலைத்தான் சுற்றி வருகின்றன. மேட் டேனியல்ஸ் 2014-இல் வெளியிட்ட ராப் பாடகர்களின் சொல்வளப் பட்டியல் அது. ஒவ்வொருவர் பாடல்களிலிருந்தும் முதல் 35,000 சொற்களை எடுத்து, அவற்றுள் வெவ்வேறு சொற்கள் எத்தனை என்று கணினியைக் கொண்டு எண்ணினார். ஈசாப் ராக் 7,392 சொற்களுடன் முதலிடம், டி.எம்.எக்ஸ் 3,214 சொற்களுடன் கடைசி. அதே அளவுக்கு நாடகப் பகுதிகளை எடுத்து எண்ணியதில் ஷேக்ஸ்பியருக்குக் கிடைத்தது 5,170.

ராப் என்றால் வசவும் கூச்சலும்தானே என்று கேட்டவர்களின் வாயை அடைக்க இந்த எண்கள் போதும். அதற்குமேல் இவற்றை மதிப்பெண் பட்டியலாக்குவதில்தான் எனக்கு வழக்கு.

எண்ணிய முறையைப் பாருங்கள். ஒரே சொல்லின் ஒருமை, பன்மை, கொச்சை வடிவம் ஒவ்வொன்றும் தனிச்சொல். இந்தக் கணக்கில் 'வந்தான்', 'வந்தாள்', 'வந்தாங்க' மூன்று சொற்களாகும். அப்படியானால் நம் திரைப்பாடலாசிரியர்கள் ஈசாப் ராக்கைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்கள். அதற்காக மார்தட்டிக்கொள்ள முடியுமா?

பாட்டின் வடிவமும் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது. பன்னிரண்டு தாளக்கட்டு ப்ளூஸில் பெரும்பாலும் மூன்றே அடிகள். முதலடி சொன்னதை இரண்டாமடி திருப்பிச் சொல்லும், மூன்றாமடி விடை தரும். திருப்பிச் சொல்வதே அங்கே கலை. ராப்பில் பதினாறு தாளக்கட்டு முழுவதையும் சொல்லே நிரப்ப வேண்டும். நிமிடத்துக்குத் தொண்ணூறு தட்டு என்றால் அது ஏறக்குறைய 43 நொடி. இரண்டையும் ஒரே தராசில் வைத்து, ப்ளூஸ் இளைத்திருக்கிறது என்பது நியாயமல்ல.

அந்தப் பட்டியலில் கடைசியில் நின்ற டி.எம்.எக்ஸுக்கு வருவோம். 1998-இல் அவர் வெளியிட்ட இரண்டு ஆல்பங்களும் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தன. உறுமுவார், நாய்போலக் குரைப்பார், அதே தொகுப்பிலேயே கடவுளிடம் மன்றாடுவார். அந்த உறுமலை எந்த அகராதியில் தேடுவது?

ராப் பாடகர் ராக்கிமையும் மறக்க வேண்டாம். எரிக் பி.யுடன் சேர்ந்து 1987-இல் அவர் வெளியிட்ட 'பெய்ட் இன் ஃபுல்' ஆல்பம் வந்தபோது, அடியின் இறுதியில் காத்துக்கிடந்த இயைபு அடிக்குள்ளேயே அங்கங்கே முளைத்தது. ஜான் கோல்ட்ரேனின் சாக்ஸபோனைக் கேட்டு வளர்ந்த காது அவருடையது. மோனையும் எதுகையும் பழகிய நமக்கு அவர் வேலைப்பாடு உடனே பிடிபடும். கணினி அதை எண்ணவில்லை. அதை எண்ணச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை.

கட்டுரை வாசிக்க வருவோரிடம் ஒரு வேண்டுகோள். எண்ணைச் சொல்வதற்கு முன் பாட்டை ஒரு நிமிடமாவது ஒலிக்கவிடுங்கள். ஒலிபெருக்கி மேடைக்கு இடப்பக்கம் இருக்கிறது. அந்த நிமிடத்தை உங்கள் நேரத்தில் கழிக்கமாட்டேன்.