வட்டம் சுத்துது: சிக்னல் மட்டும்தான் காரணமா?

சான்றிதழுக்கு மொபைலில் விண்ணப்பிக்கிறீங்க. ‘சமர்ப்பி’ அழுத்தினதும் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. உடனே சிக்னலைத்தான் திட்டுவோம். சில நேரம் தாமதம் சர்வருக்கு உள்ளேயே இருக்கும்.

இன்று ஒரே சர்வரில் மென்பொருளால் உருவான பல மெய்நிகர் கணினிகள் இயங்குகின்றன. ஒன்றில் இணையதளம், இன்னொன்றில் தரவுத்தளம்னு வெச்சுக்குங்க. இரண்டும் பேசிக்கொள்ளும்போது தகவல் அந்தப் பெட்டியை விட்டு வெளியே போக வேண்டியதே இல்லை. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு நெட்வொர்க் கார்டு வேணும். அது எந்த வகைங்கிறதுலதான் விஷயம்.

கேவிஎம் மென்பொருளில் ‘இ1000’ என்பது இன்டெலின் பழைய 1 ஜிகாபிட் கார்டைப் போல நடிக்கும். எளிதில் வேலை செய்யும் என்பதால் பலர் அதையே விட்டுவிடுகிறார்கள். அந்த நடிப்புக்கு ப்ராசஸர்தான் உழைக்கணும், பாவம். 2008-ல் லினக்ஸில் சேர்ந்த ‘விர்ட்டியோ’ நடிப்பதில்லை. பொதுவான நினைவகப் பகுதி வழியாகத் தகவலைக் கைமாற்றும். சுமை குறையும், வேகம் கூடும்.

விண்டோஸில் விர்ட்டியோ டிரைவரை முதலில் நிறுவிவிட்டுத்தான் கார்டை மாற்றணும். மாற்றினதும் விண்டோஸ் அதைப் புதுக் கார்டாகவே பார்க்கும். கையால் கொடுத்த ஐபி முகவரி பழைய கார்டோடயே தங்கிடும்; புதுசுக்கு மறுபடி கொடுக்கணும். மறந்தால் இணையதளத்துக்குத் தரவுத்தளமே எட்டாது. அதனால்தான் இதைக் கூட்டமில்லாத இரவில் செய்வது நல்லது.

‘பராமரிப்புப் பணி’ அறிவிப்பு வந்தால் கட்டணத்தை மறுபடி கட்டாதீங்க. ஒப்புகை எண் வந்திருக்கான்னு முதல்ல பாருங்க.